குணாளன் தட்டிய சுவர்

பாலோ ஊரில் குணாளனை நேரில் பார்க்காதவர்கள்கூட அவன் விரல் முட்டியின் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். வீடுகளின் வெளிச்சுவரில் விட்டுப்போன சிமெந்துப் பூச்சைச் சரிசெய்வது அவன் தொழில். பூச்சு செங்கல்லை விட்டு உள்ளுக்குள் பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டியிருக்கும் இடம் 'டக்' என்னும். பிரிந்த இடம் 'டொப்' என்னும். இருபத்திரண்டு வருடமாக இதையே கேட்டுக் கேட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவர் இருந்தால் தட்டாமல் இருக்க முடியாது என்ற நிலைமைக்கு அவன் வந்துவிட்டான்.

குளுவாங் கிளினிக்கில் ஒருமுறை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டினான். உள்ளே இருந்த டாக்டர் மூன்று தடவை "மாசோக், உள்ள வாங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட குருக்களிடம், தூணில் காதை வைத்தபடி, "தெக்குப் பக்கம் ரெண்டடி போயிருச்சு" என்றான். ஒரு துக்க வீட்டில் சவப்பெட்டி வைத்திருந்த மூலையிலிருந்து 'டொப் டொப்' என்று சத்தம் வரவும் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் குணாளன் நின்றுகொண்டிருந்தான்.

இதனால் அவனுக்குத் தொழிலில் நல்ல பெயரும் மற்ற இடங்களில் வேறு மாதிரியான பெயரும் இருந்தன. நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அவன் அக்கா கஸ்தூரி விடாமல் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயர் ஈத்தாமில் பார்த்த பெண்ணின் அப்பா பானைக் கடை வைத்திருந்தார். குணாளன் கடைச் சுவரைத் தட்டினான், நன்றாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பானைகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போய், கடைசிப் பானையைத் தூக்கி, கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இது ஒண்ணுதான் கீறல் இல்லாத பானை" என்றான். அந்த வீட்டில் அவர்களுக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அடுத்து சாகிலில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் செல்வராணி. வயது முப்பத்தொன்பது. பாசிர் கூடாங்கில் பதினோரு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவள். இப்போது மூவாரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் நாற்பத்து நாலு இருக்கை பஸ்ஸை ஓட்டுகிறாள். லேடாங் மலையின் அடிவாரத்தில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி, அம்மா வெள்ளையம்மாவோடு இருக்கிறாள்.

"உன் தம்பி சுவத்த தட்டுறான், அந்தப் பொண்ணு ஹார்ன அடிக்குது. ரெண்டும் சத்தம்தான், சரியா வரும்" என்றார் கஸ்தூரியின் கணவர் ஜெயபாலன். பெண் பார்க்கப் போவதற்கு அவர்தான் கார் கொடுத்தார். வாங்கி இரண்டு வாரமே ஆன கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் முறுக்கைக் கடிப்பது போலச் சத்தம் கேட்டது.

வழி முழுக்க கஸ்தூரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கைய பாக்கெட்ல வச்சுக்க."

"பலகாரம் குடுத்தா?"

"ஒரு கையில தட்டு, ஒரு கையில கிளாஸ். ரெண்டையும் கீழ வைக்காத. வீட்டுக்கு வர்ற வரைக்கும் வைக்காத."

"சாப்பிடறது எப்படிக்கா?"

"சாப்பிடாத."

செல்வராணியின் வீடு தாமான் என்னும் குடியிருப்பின் கடைசியில், ஒரு பக்கச் சுவர் மலையைப் பார்க்கும்படி தனியாக நின்றது. மஞ்சள் வர்ணம் அடித்த சுவர். ஜன்னல்களைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ஜெயபாலன் காரை அந்தப் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, நிழல் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தினார். உள்ளே புழுக்கமாக இருந்ததால் நாற்காலிகளை வெளியே தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

குணாளன் சொன்னபடியே நடந்துகொண்டான். இடது கையில் வடைத் தட்டு, வலது கையில் தேத்தண்ணி. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெள்ளையம்மாவுக்கு எழுபது வயது. காது சற்று மந்தம். ஆனால் விருந்தாளி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை மட்டும் தாங்க மாட்டாள். "என்ன தம்பி, சூடு ஆறிப்போச்சா? குடுங்க, வேற கொண்டாறேன்" என்று கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வலது கை காலியாகிவிட்டது. அது தானாகப் பின்னால் போனது.

டொப்.

குணாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளித் தட்டினான். டொப். நாற்காலியை விட்டு எழுந்து, தட்டைக் கையில் பிடித்தபடியே சுவரை ஒட்டி நடந்தான். டொப், டொப், டொப். கஸ்தூரி இருமினாள். பிறகு அவன் பெயரைச் சொல்லி இருமினாள். அவன் மூலை திரும்பி, மலையைப் பார்த்த பக்கவாட்டுச் சுவருக்குப் போய்விட்டான்.

ஜன்னல் வழியாகச் செல்வராணி எட்டிப் பார்த்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பூவைச் சரிசெய்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்ன தேடுறீங்க?"

"காத்து" என்றான் குணாளன்.

"காத்து வேணும்னா ஃபேன் போடச் சொல்றேன்."

"இல்ல, சுவத்துக்குள்ள காத்து. பூச்சு கல்ல விட்டுப் பிரிஞ்சிருக்கு."

அவள் வெளியே வந்துவிட்டாள். "நீங்க என்னய பாக்க வந்தீங்களா, வீட்ட பாக்க வந்தீங்களா?"

"உங்கள பாக்கத்தான் வந்தேன். வீடு முன்னாடி நிக்குது."

"மூணு வருசத்துக்கு முன்னாடிதான் புதுசா பூசினது. பூசின ஆளு இருவது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு."

"அவரு தட்டிப் பாத்திருக்க மாட்டாரு."

"சரி, நல்லா தட்டிப் பாருங்க. என் கண்ணு முன்னாடி தட்டுங்க. என் வீட்டுச் சுவத்துக்கு ஒண்ணும் இல்ல."

குணாளன் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு மேல் ஓரிடத்தில் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். சுவர் பூரி மாதிரி மெதுவாக உப்பியது. கதவு அளவுக்கு ஒரு துண்டு, மஞ்சள் வர்ணமும் வெள்ளைப் பட்டையுமாக முழுசாகக் கழன்று, கீழே இறங்கி, நின்று, யோசித்து, பிறகு ஜெயபாலனுடைய காரின் முன்பக்க மூடிமேல் சாய்ந்து விழுந்தது.

தூசி அடங்கும்வரை காரின் அலாரம் மட்டும் கத்தியது. உள்ளேயிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது: "யாரோ வந்திருக்காங்க போல. கதவ தொறந்து விடும்மா."

ஜெயபாலன் காருக்கு முன்னால் போய் நின்றார். மூடி நடுவில் மடிந்து கூடாரம் போல நின்றது. அவர் திரும்பி வந்து, செல்வராணி கையிலிருந்த தட்டிலிருந்து வடைகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். கஸ்தூரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்வராணி செங்கல் தெரிந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குணாளனிடம் கேட்டாள்: "கல்யாணப் பேச்சு அப்புறம் இருக்கட்டும். இத எப்ப வந்து சரி பண்ணுவீங்க?"

"நாளைக்கு" என்றான் குணாளன்.

பாலோவுக்குத் திரும்பும்போது மூடி கண்ணாடியை மறைத்ததால், ஜெயபாலன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. யோங் பெங்கில் ஒரு லாரிக்காரன் அவரைப் பார்த்து அன்போடு கையசைத்தான்.

மறுநாள் குணாளன் தன் சின்ன வேனில் கரணை, தேய்ப்புப் பலகை, கம்பி வலை, சல்லடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். தங்காக்கில் ஒரு கடைமாடியில் அறை எடுத்துக்கொண்டான். முதல் நாள் வேலை தட்டுவது மட்டும். காலையிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டி, பிரிந்த இடங்களை எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டான். மாலையில் வேலை முடிந்து வந்த செல்வராணி, வீட்டுக்கு அம்மை போட்டதுபோல் இருப்பதைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"வட்டம் போட்டதெல்லாம் நல்ல இடமா, கெட்ட இடமா?"

"கெட்ட இடம்."

"நல்ல இடம்னு எதாச்சும் இருக்கா?"

குணாளன் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு தாம்பாள அளவு இடத்தைக் காட்டினான். "இது ரொம்ப நல்லா இருக்கு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று கேட்டாள். அவன் சொன்னான். இது மலையடிவாரம். காலையில் பனி மூட்டம். மத்தியானம் சுவரில் முட்டை பொரிக்கலாம். நாலு மணிக்கு மலையிலிருந்து மழை வரும். வானத்திலிருந்து கீழே விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். சூட்டில் விரிந்த சுவர் ஒரே நிமிடத்தில் சுருங்கும். இந்த ஊரில் கல்லை நன்றாக நனைத்து, முதலில் சொரசொரப்பாக ஒரு பூச்சு வீசி அடித்து, காயவிட்டு, அப்புறம் மெல்லிசாக இரண்டு பூச்சு போட வேண்டும். முன்னால் பூசியவர் காய்ந்த கல்மேல், ஒரே தடவையில், தடிமனாக அப்பிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் ரப்பர் மாதிரி வர்ணம். ஜன்னல் ஓரத்து வெடிப்பில் தண்ணீர் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லை.

"அப்ப மொத்தத்தையும் எடுக்கணுமா?"

"அந்தத் தாம்பாளத்த விட்டுட்டு மொத்தத்தையும்."

அவள் சுவரில் காதை வைத்தாள். "தட்டுங்க" என்றாள். அவன் தட்டினான். "இது டொப்" என்றாள். இன்னொரு இடம். "இது டொப்பு இல்ல, ஆனா டக்கும் இல்ல." அது சரியாக விளிம்பு, பிரிய ஆரம்பித்திருக்கும் இடம். குணாளனுக்கே அது பிடிபட மூன்று வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு இது பழக்கம்தான்" என்றாள் அவள். "இஞ்சின்ல வேற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுன்னா அன்னைக்குப் பூரா சாப்பாடு இறங்காது. மெக்கானிக் ஒண்ணும் இல்லம்பாரு. எனக்குத் தெரியும்."

இத்தனை வருடத்தில் தட்டாதே என்று அவனிடம் சொன்னவர்கள் உண்டு. தட்டு என்று சொன்னவர் எவரும் இல்லை. அன்று தங்காக் திரும்பும் வழியில் குணாளன் சாப்பிட மறந்துவிட்டான்.

ஐந்து நாளில் பூச்சு முழுவதும் இறங்கியது. வீடு சிவப்புச் செங்கலாக நின்றது. வெள்ளையம்மாவால் அதைச் சகிக்க முடியவில்லை. "வீடு துணியில்லாம நிக்குதே, ரோட்டுல போறவங்க என்ன நெனைப்பாங்க" என்று, தன் பழைய புடவைகளையும் கைலிகளையும் படுக்கை விரிப்புகளையும் கூரை ஓரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாள். லேடாங் ஏறப் போகிறவர்கள் பாத்தேக் துணிக்கடை என்று நினைத்து வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். குணாளன் ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் தலையை விட்டு வேலை செய்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கைலிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரியும்.

மூன்று பக்கச் சுவர் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. மலையைப் பார்த்த பக்கம்தான் முடியவில்லை.

முதல் தடவை, காலையில் பூசிவிட்டு, அதன்மேல் நீலக் கன்வாஸைக் கட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கம்பி வலை வாங்கத் தங்காக் போனான். திரும்பி வந்தபோது மழை பெய்து முடிந்திருந்தது. கன்வாஸைக் காணவில்லை. பூச்சு கஞ்சி போலக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் வெள்ளையம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"மலையிலேருந்து அஞ்சு புள்ளைங்க இறங்கி வந்துச்சுங்க தம்பி. சிங்கப்பூர்ப் புள்ளைங்க. தூறல்ல நடுங்கிக்கிட்டு நின்னுச்சுங்க. அவுத்துக் குடுத்துட்டேன். அஞ்சும் அதுக்குள்ளயே நடந்து போச்சுங்க, மரவட்டை மாதிரி" என்றாள்.

"அம்மா, சுவரு நனைஞ்சுருச்சே" என்றான் குணாளன்.

"சுவரு வெளியிலதான தம்பி இருக்கு. அது எப்பவும் நனையறதுதான?"

குணாளன் மீண்டும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டாவது தடவை மழை வரவில்லை, குரங்குகள் வந்தன. குணாளன் பூசி முடித்து, பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் பதினைந்து குரங்குகள் காட்டு ஓரத்திலிருந்து இறங்கிவிட்டன. ஈரச் சிமெந்து குளிர்ச்சியாக இருந்தது அவற்றுக்குப் பிடித்துவிட்டது. கையை வைத்துப் பார்த்தன. காலை வைத்துப் பார்த்தன. ஒரு பெரிய ஆண் குரங்கு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, கீழே இறங்கியது. இன்னொன்று தேய்ப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, ஓடுகளை வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தது. வெள்ளையம்மா அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தான் தேய்க்குது. அவசரப்படாம தேய்க்குது" என்றாள்.

அந்த நேரம் செல்வராணி பஸ்ஸோடு வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். ஹார்னில் கை வைத்து எடுக்காமல் அழுத்தினாள். குரங்குகள் காட்டுக்குள் ஓடின. பலகை கூரையிலிருந்து சறுக்கி வந்து குணாளனின் தலையில் விழுந்தது. தாமானில் ஏழெட்டு வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, கல்யாண பஸ் என்று நினைத்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். குணாளன் தலையைத் தடவிக்கொண்டே செல்வராணியைப் பார்த்தான். அவள் கையை ஹார்னிலிருந்து எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மறுபடியும் சுரண்டினான். மூன்றாவது தடவை அவன் கவனமாக இருந்தான். புதுக் கன்வாஸ் வாங்கினான். கூரையில் ஒரு பொம்மைப் புலியைக் கட்டினான். வெள்ளையம்மாவிடம் யாருக்கும் எதையும் அவிழ்த்துக் கொடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கினான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தான். ஆனால் அன்று வெயிலே வரவில்லை. பூச்சு இறுகவும் இல்லை. இறுகாமல் தேய்க்க முடியாது. மூன்றரை மணிக்கு மலை உச்சி கறுத்தது. காற்று வேகமாக வந்து புதுக் கன்வாஸைப் பிய்த்து, புலியையும் சேர்த்துத் தூக்கி, பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கொண்டு போய்ப் போட்டது. குணாளன் இரண்டு கைகளையும் விரித்துச் சுவருக்கு முன்னால் நின்றான். அதனால் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அதே நேரம் செல்வராணி காலை வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு மூவாரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் இன்னும் இருபத்தாறு பேர் இருந்தார்கள். மலாய்ப் பெண்கள், நேபாளத்து ஆட்கள், வங்காளதேசத்து ஆட்கள், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சூப்பர்வைசர். சாகில் முனையில் மலை கறுத்திருப்பதைப் பார்த்தவள், நேராகப் போக வேண்டிய பஸ்ஸை இடப்பக்கம் திருப்பினாள்.

"கக்காக், இது நம்ம பாதை இல்லையே" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அக்கா முறை வைத்து, மலாயில்.

"மழை வருது. கொஞ்ச நேரம் நிறுத்தப் போறேன்" என்றாள் செல்வராணி.

சந்துக்குள் பஸ் நுழைவது கஷ்டம். இரண்டு பூச்சட்டியும் ஒரு தபால் பெட்டியும் போயின. குணாளன் திரும்பிப் பார்த்தபோது, வெள்ளையும் பச்சையுமாக ஒரு பெரிய பஸ் அவனை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அவள் இஞ்சினை நிறுத்தினாள். அடுத்த நொடி மழை பஸ்ஸின் மறுபக்கத்தில் வந்து அறைந்தது. இந்தப் பக்கம் சுவரில் ஒரு சொட்டு இல்லை.

ஓட்டுநர் ஜன்னல் திறந்தது. "தேய்ங்க" என்றாள் செல்வராணி.

குணாளன் தேய்க்க ஆரம்பித்தான். பிறகுதான் கவனித்தான். பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையிலும் முகங்கள். ஒன்றரை முழத் தூரத்தில், வரிசையாக, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்து களைத்து வந்தவர்களுக்கு இதைவிட அமைதியான காட்சி வேறு கிடைக்காது போலிருக்கிறது. ஒருவரும் போனைக்கூட எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யோசனை சொல்லவும் ஆரம்பித்தார்கள். "அபாங், அங்க மேல ஒரு குழி" என்றாள் ஒரு மலாய்ப் பெண், அண்ணன் முறை வைத்து, மலாயில். நேபாளத்தில் வீடு கட்டிய அனுபவம் உள்ள ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இன்னும் தண்ணீர் தெளிக்கும்படி சைகை காட்டினார். அவர் சொன்னது சரி, குணாளன் தெளித்தான். வெள்ளையம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்க ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஜன்னலாகத் தேத்தண்ணியும் மரவள்ளிக்கிழங்கு வறுவலும் கொடுத்துக்கொண்டே வந்தாள். சூப்பர்வைசர் எழுந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று கேட்காமல் மறுபடியும் தூங்கிவிட்டார்.

பதற்றத்தில் குணாளன் திரும்பி நின்றபோது முட்டியால் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டிவிட்டான். டொப்.

"பஸ்ஸுக்குள்ள காத்துதான் இருக்கணும்" என்றாள் செல்வராணி.

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. பலகை ஓரிடத்தையே தேய்த்துக்கொண்டிருக்க, "அபாங், அங்க ரொம்ப நேரமா தேய்க்கிறீங்க" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

மழை இன்னும் விடவில்லை. செல்வராணி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க இருக்கறதா யோசிச்சிருக்கீங்க? பாலோவுலயா, இங்கயா?"

குணாளன் வாயில் வந்தது வேலைப் பேச்சுதான். "இந்தப் பூச்சுக்கு ஏழு நாளு விடாம தண்ணி காட்டணும்."

"அதுக்கப்புறம்?"

"வர்ணம் அடிக்க இருவத்தெட்டு நாளு காத்திருக்கணும். தண்ணி ஆவியாப் போற மாதிரி வர்ணமா பாத்து அடிக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"ஜன்னலுக்குக் கீழ தண்ணி சொட்டுற மாதிரி ஒரு வரி எடுக்கணும். கூரைய ஒரு முழம் இழுத்து விடணும்."

"அதுக்கப்புறம்?"

குணாளன் பலகையைக் கீழே இறக்கினான். "இது மலையடிவாரம். வருசா வருசம் கூடவே இருந்து பாத்துக்கணும்" என்றான்.

அவள் தலையாட்டினாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ முக்கியமான விஷயம் நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டார்கள். "சிமெந்து காயற வரைக்கும் இருக்கேன்னு சொல்றாரு" என்றாள் செல்வராணி. அவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு முன் வரிசைப் பெண் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வெள்ளையம்மா பஸ்ஸின் மறுமுனையிலிருந்து, "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

ஐந்தே காலுக்கு மழை விட்டது. சுவர் நின்றது. பஸ் பின்வாங்கிப் போகும்போது மூன்றாவது பூச்சட்டியும் போனது.

இரண்டு நாள் கழித்து செல்வராணிக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அனுமதியில்லாமல் பாதை மாறியதற்கு விளக்கம் தர வேண்டும். அவள் விளக்கம் எழுதுவதற்கு முன்பே பயணிகள் இருபத்தாறு பேரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடுமையான மழையில் ஓட்டுநர் பஸ்ஸைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எங்கள் உயிரைக் காத்தார் என்று அதில் இருந்தது. வறுவல் மொறுமொறுப்பாக இருந்தது என்றும் யாரோ கடைசியில் சேர்த்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்த சூப்பர்வைசரை விசாரித்தபோது, பயணம் மிகச் சுகமாக இருந்ததாகச் சொன்னார். விஷயம் அதோடு முடிந்தது.

வர்ணம் அடித்து மூன்று வாரத்தில் தங்காக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கஸ்தூரி அழுதாள். ஜெயபாலன் பஸ்ஸில்தான் வந்தார். மற்ற விருந்தினர்களும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்க, பெண் தானே பஸ்ஸை ஓட்டிவந்து, கோயில் வாசலில் ஒரே தடவையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் நெற்றிச்சுட்டியைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது குணாளனுக்குச் சாகிலிலும் தங்காக்கிலும் வேலைக்குக் குறைவில்லை. மலையடிவாரத்தில் பாதி வீடுகள் டொப் என்கின்றன. கல்யாணமாகி ஒரு மாதத்தில் அடையாள அட்டையில் முகவரி மாற்றத் தங்காக் அலுவலகத்துக்குப் போனான். வெள்ளையம்மாவும் கூட வருவேன் என்று வந்திருந்தாள். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாலோவிலிருந்து சாகிலுக்கு மாறக் காரணம் என்ன என்று கேட்டாள். குணாளன் நன்றாக யோசித்தான். பனி, வெயில், நாலு மணி மழை என்று மலாயில் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கம்பி வலைக்கு வந்தபோது, வெள்ளையம்மா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, "காவின், காவின்" என்றாள், கல்யாணம் என்று பொருள்படும்படி, இரண்டு கைகளாலும் தாலி கட்டுவது போலக் காட்டிக்கொண்டே.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு குணாளனை நிமிர்ந்து பார்த்து, தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி உப்பியிருக்கிறது, சனிக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.